தண்ணீர் மீட்டர்: அடுத்த வீட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

கேள்வி: வணக்கம் ஐயா. 2009 முதல் கிழக்கு லண்டனில் ஒரு பழைய டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டிய) வீட்டில் இருக்கிறோம். சொந்த வீடு, மூன்று அறை. நான், மனைவி, மூன்று பிள்ளைகள், என் அம்மா என்று ஆறு பேர். எங்களுக்குத் தண்ணீர் மீட்டர் இல்லை, வருடத்துக்கு ஒரு தொகை என்று பில் வருகிறது. பக்கத்து வீட்டு வயதான தம்பதி மீட்டர் போட்ட பிறகு தங்கள் பில் பாதியாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு வேலை குறைந்து இப்போது யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் உதவிப்பணம்) எடுக்கிறோம். மூத்தவனுக்கு 18 வயது, ஏ லெவல் கடைசி வருடம். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் குடலில் ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள், அதனால் தண்ணீர் கொஞ்சம் கூடத்தான் போகும். நாங்களும் மீட்டருக்கு மாறலாமா? மாறினபின் பில் கட்ட முடியாமல் போனால் தண்ணீரை வெட்டிவிடுவார்களோ என்று மனைவி பயப்படுகிறா.

பதில்: உங்கள் மனைவியின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வெட்ட மாட்டார்கள், வெட்டவும் முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டணம் கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் தண்ணீரை நிறுத்துவதை 1999ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டம் தடை செய்துவிட்டது. நீரோட்டத்தைக் குறைக்கும் கருவியைக் குழாயில் பொருத்தவும் அனுமதி இல்லை. கடன் மட்டும் கடனாகவே நிற்கும். நிறுவனம் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம், தீர்ப்பு வந்தால் உங்கள் கிரெடிட் (கடன் தகுதி) பதிவு கெடும். அதனால் பில்லைத் திறக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்களுடைய கணக்கு. மூன்று அறை வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிட ஆட்கள் குறைவாக இருந்தால் மீட்டர் பெரும்பாலும் லாபம். உங்கள் வீட்டில் மூன்று அறைக்கு ஆறு பேர்.

நீங்கள் இப்போது கட்டுவது வீட்டின் ரேட்டபிள் வேல்யூவை (பழைய வீட்டு வரிக்காகப் போட்ட மதிப்பை) வைத்துப் போடப்படும் தொகை. அந்த மதிப்பு 1973ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது, 1990இல் வீட்டு வரியாக இருந்த ரேட்ஸ் ஒழிக்கப்பட்டபோது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வீட்டில் ஒருவர் குளித்தாலும் பத்துப் பேர் குளித்தாலும் பில் மாறாது. வெள்ளிக்கிழமை எல்லோரும் முழுகினாலும், கோடை லீவுக்குக் கனடாவிலிருந்து சொந்தக்காரர் வந்து ஒரு மாதம் தங்கினாலும் அதே தொகைதான்.

மீட்டர் வந்தால் இது தலைகீழாகும். இங்கிலாந்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 140 லீட்டர் அளவில் பாவிக்கிறார். ஆறு பேருக்கு 840 லீட்டர், வருடத்துக்கு 306 கன மீட்டருக்கு மேல் (ஒரு கன மீட்டர் ஆயிரம் லீட்டர்). பெரிய குடும்பத்தில் ஆள் ஒன்றுக்குக் கொஞ்சம் குறையும், உங்கள் அம்மாவின் தேவையால் கொஞ்சம் கூடும். இந்த அளவை உங்கள் நிறுவனத்தின் ஒரு கன மீட்டர் கட்டணத்தால் பெருக்குங்கள். அந்த எண் நிறுவனத்தின் கட்டண விபரத்தில் இருக்கும். கழிவு நீருக்குத் தனியாக இன்னொரு கட்டணம் உண்டு, வீட்டுக்குள் வந்த தண்ணீரில் 90 சதவீதமோ அதற்கு மேலோ வடிகாலுக்குத் திரும்புவதாகக் கொண்டுதான் பொதுவாக அதைப் போடுகிறார்கள். இரண்டையும் கூட்டாமல் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். உங்கள் கூரை மழைநீர் பொதுச் சாக்கடைக்குப் போகாமல் நிலத்துக்குள் இறங்குகிறதென்றால் அதற்கான தள்ளுபடியைக் கேட்டு வாங்கலாம், மீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இவ்வளவோடு நிறுத்தினால் என் பதில் "மாறாதீர்கள்" என்பதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள் கணக்கையே மாற்றுகின்றன.

வாட்டர்ஷூர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இது நிறுவனம் தரும் சலுகை இல்லை, சட்டத்தின் கீழ் வரும் உரிமை. மீட்டர் உள்ள வீட்டில், வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிப்பணம் ஒன்றைப் பெறுபவர், ஒன்றில் சைல்ட் பெனிபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவிப்பணம்) பெறும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அதிகத் தண்ணீர் தேவைப்படும் நோயுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், விண்ணப்பிக்கலாம். பில் அந்த நிறுவனத்தின் சராசரி வீட்டு பில்லைத் தாண்டாது. சராசரி வீடு என்பது இரண்டு மூன்று பேர் உள்ள வீடு. ஆறு பேர் பாவித்துவிட்டு இரண்டு மூன்று பேருக்கான தொகையைக் கட்டுவீர்கள். உச்சவரம்புக்குக் கீழே பாவித்தால் பாவித்ததற்கு மட்டும்.

யுனிவர்சல் கிரெடிட் இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மூத்தவன் ஏ லெவல் முடித்தால் கோடையோடு அவனுக்கான சைல்ட் பெனிபிட் நிற்கும், பல்கலைக்கழகம் போனாலும் அது கணக்கில் வராது. பிள்ளைகளின் பெயரில் மட்டும் போனால் அடுத்த வருடமே பாதுகாப்புப் போய்விடும், மீட்டர் மட்டும் சுவரில் இருக்கும்.

நிலையான வழி உங்கள் அம்மா. வயிற்றில் பை வைத்திருப்பது வாட்டர்ஷூர் விதிகளில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நிலைமைகளில் ஒன்று. பெருங்குடல் அழற்சி, குரோன்ஸ் நோய், நீர் வடியும் தோல் நோய், வீட்டில் செய்யும் டயாலிசிஸ், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வீடுகளில் இதையெல்லாம் வெளியில் சொல்வதில்லை. கூச்சத்தால் வருடக்கணக்கில் முழு பில்லைக் கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அது என்னை வருத்துகிறது. அம்மாவிடம் பேசுங்கள். படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி இடுவதும் டொக்டரின் சான்றைக் காட்டுவதும்தான் வேலை, யாரும் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள்.

வாட்டர்ஷூரின் பலவீனம் உங்கள் யுனிவர்சல் கிரெடிட். உங்களுக்கு முழுநேர வேலை கிடைத்து யுனிவர்சல் கிரெடிட் நின்றால் வாட்டர்ஷூரும் நிற்கும். அப்போது 306 கன மீட்டருக்கும் முழுக் கட்டணம். இங்கேதான் சட்டம் தரும் இன்னொரு கதவு முக்கியமாகிறது. 1991ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 144ஏ பிரிவின்படி மீட்டர் கேட்பது உங்கள் உரிமை, பொருத்துவது இலவசம். நீங்களாகக் கேட்டுப் பெற்ற மீட்டர் என்றால் குறைந்தது 12 மாதத்துக்குள் பழைய முறைக்குத் திரும்பவும் உரிமை உண்டு, பல நிறுவனங்கள் இரண்டு வருடம் தருகின்றன. கடைசித் திகதியை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலை நிலைமையையும் பில்லையும் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். அது தாண்டினால் திரும்ப வழியில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: தெரிவு உண்மையில் உங்களிடம் இருக்கிறதா? தெற்கு, தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதி தண்ணீர்ப் பற்றாக்குறைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படியான இடத்தில் நிறுவனம் தெருத் தெருவாக மீட்டர் போடலாம், மறுக்க முடியாது, போட்டபின் திரும்பவும் முடியாது. உங்கள் தெரு அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள். வருகிறதென்றால் "மாறலாமா" என்ற யோசனையே வேண்டாம், மீட்டர் பில் தொடங்கும் நாளிலிருந்து வாட்டர்ஷூர் நடைமுறைக்கு வருவதை மட்டும் உறுதி செய்யுங்கள். பற்றாக்குறைப் பகுதி இல்லாவிட்டாலும், தோட்டத்துக்குத் தானியங்கித் தெளிப்பான், 230 லீட்டருக்கு மேல் கொள்ளும் குளியல் தொட்டி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி போன்றவை வைத்திருந்தால் நிறுவனம் மீட்டரை வலியுறுத்தலாம். நம்மவர் வீடுகளில் ஆர்.ஓ. இருப்பதால் சொல்கிறேன்.

பழைய டெரஸ் என்பதால் இன்னொன்று. அடுத்தடுத்த வீடுகள் ஒரே குழாயில் தண்ணீர் எடுப்பது அங்கே சாதாரணம். வெளியில் உள்ள ஸ்டாப் டேப்பை மூடினால் பக்கத்து வீட்டிலும் நின்றுவிடுகிறதா என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் குழாய் என்றால் மீட்டரை வீட்டுக்குள் வைக்க வேண்டிவரும், அதுவும் முடியாவிட்டால் மதிப்பிட்ட கட்டணம் ஒன்றைத் தருவார்கள். அப்போதும் வாட்டர்ஷூர் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எல்லைக்கு உட்பட்ட குழாய் உங்களுடையது, அதில் கசிந்தால் மீட்டர் ஓடும். நிலத்தடிக் கசிவுக்கு முதல் தடவை பெரும்பாலான நிறுவனங்கள் தள்ளுபடி தரும், கழிவறைத் தொட்டிக் கசிவுக்கு அநேகமாகத் தராது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் பில் மும்மடங்கானதற்குக் காரணம் மாடிக் கழிவறையில் சத்தமில்லாமல் ஒழுகிய தண்ணீர். ஒழுகும் ஒரு கழிவறை நாளைக்கு 200 முதல் 400 லீட்டர் வரை விரயமாக்கும். மீட்டருக்கு முன்பே வாஷரை மாற்றிவிடுங்கள்.

என் ஆலோசனை இது. நிறுவனத்தை அழைத்து இந்த வருட வாட்டர்ஷூர் உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டு, உங்கள் இப்போதைய பில்லுக்குப் பக்கத்தில் வையுங்கள். உச்சவரம்பு தெளிவாகக் குறைவு என்றால் மீட்டருக்கும் வாட்டர்ஷூருக்கும் ஒன்றாகவே விண்ணப்பியுங்கள். வித்தியாசம் சில பவுண்டுதான் என்றால் அசையாமல் இருங்கள், குறைந்த வருமானக்காரருக்கான தள்ளுபடியைக் கேளுங்கள். அது பல நிறுவனங்களில் மீட்டர் இல்லாதவர்களுக்கும் உண்டு. சின்னவர்கள் வளர்ந்து வெளியே போனபின் மீட்டர் கேட்டாலும் அப்போதும் இலவசம்தான். நிறுவனம் இழுத்தடித்தால் எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் சி.சி.டபிள்யூ எனப்படும் தண்ணீர் நுகர்வோர் அமைப்புக்குப் போங்கள், இலவசம். மீட்டரோடு பில் எவ்வளவு வரும் என்று பார்க்கும் கணிப்பானும் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: ஒப்பந்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால், பில் உங்கள் பெயரில் வருகிறதென்றால், நீங்களும் மீட்டர் கேட்கலாம். வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அங்கே தண்ணீர்க் கட்டணம் கவுன்சில் வரியோடு வருகிறது, மீட்டர் போடும் செலவும் உங்களுடையது.

வாட்டர்ஷூரை வருடம்தோறும் புதுப்பிக்க வேண்டும். அம்மாவின் மருந்துச் சீட்டில் ஒரு பிரதியும், யுனிவர்சல் கிரெடிட் கடைசி அறிக்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள், அடுத்த தடவை தேட வேண்டியிருக்காது.