குழி இருந்தும் ஏன் நொறுங்குகிறது?

வணக்கம். உலோகக் கண்ணாடி (அணுக்கள் வரிசையாக அடுங்காத உலோகக் கலவை) பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், இரும்பு சார்ந்த வகைகள் நொறுங்குவதற்கு உள்ளே உண்டாகும் நுண்குழிகள் ஒரு காரணம் என்று சொல்லியிருந்தீர்கள். நான் பொறியியல் மாணவி. உடைந்த பரப்பில் குழிகள் தெரிந்தால் அந்த உலோகம் நன்றாக இழுபட்ட பிறகுதான் உடைந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நீங்கள் நேர்மாறாக எழுதியிருக்கிறீர்களே?

அன்புள்ள மாணவிக்கு,

நல்ல கேள்வி. உங்கள் பாடத்தில் தவறில்லை, அது எஃகை மனதில் வைத்து எழுதப்பட்டது. எஃகில் பெரும்பாலும் உள்ளே கிடக்கும் அந்நியத் துகளைச் சுற்றித்தான் குழி திறக்கும். அது பெரிதாக வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகம் இழுபட வேண்டும். இழுபட இழுபட அது இறுகவும் செய்கிறது. ஒரு குழி பக்கத்துக் குழியைத் தொடுவதற்குள் ஏராளமான ஆற்றல் செலவாகிவிடும்.

உலோகக் கண்ணாடியில் இந்த இறுக்கம் கிடையாது. அது உருவான விதத்தைப் பாருங்கள்: 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவேயின் குழு தங்கமும் சிலிக்கானும் கலந்த உருக்கை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் குளிரவைத்தது. வரிசை கட்ட நேரமில்லாமல் அணுக்கள் நின்ற இடத்திலேயே உறைந்தன. அப்படி உறைந்ததில் ஓரிடம் நெருக்கமாகவும், சில நானோமீட்டர் தள்ளி இன்னோரிடம் தளர்வாகவும் இருக்கும். விரிசல் முனைக்குச் சற்று முன்னால் பொருள் எல்லாப் பக்கமும் இழுபடுகிறது. அங்கே தளர்ந்த இடம் இருந்தால், துகள் எதுவும் இல்லாமலே குழி திறந்துவிடும்.

அப்புறம் நடப்பது ஒரு போட்டி. சறுக்குப் பட்டைகள் (பொருள் தன்மேல் தானே சறுக்கும் மெல்லிய அடுக்குகள்) முதலில் ஓடினால் விரிசல் முனை மழுங்கும், பொருள் தாக்குப்பிடிக்கும். சிர்கோனியம் சார்ந்த பல வகைகளில் இதுதான் நடக்கிறது. குழிகள் முந்தினால் அவை மளமளவென்று ஒன்றோடொன்று சேர, விரிசல் அவற்றின் வழியாகவே பாய்ந்துவிடும். 2011-ல் வெளியான ஒரு கணினி உருவகப்படுத்தலில் தாமிரம்-சிர்கோனியம், இரும்பு-பாஸ்பரஸ் கண்ணாடிகளை ஒப்பிட்டார்கள். முதலாவது சறுக்கியது, இரண்டாவதில் குழிகள் திறந்து இணைந்தன.

உடைந்த பரப்புகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் இரண்டு என் மேசையில் இருக்கின்றன. சிர்கோனியம் துண்டில் இலை நரம்பு போல மேடுகள் கிளை பிரிகின்றன. பசை தடவிய இரண்டு தகடுகளைப் பிரித்தால் பசை எழும்பி நிற்குமே, அதே தோற்றம். நொறுங்கிய துண்டு வெறும் கண்ணுக்கு ஆடி போலப் பளபளக்கும். நன்றாகப் பெரிதாக்கினால்தான் பொடிப்பொடியான குழிகள் தெரியும், ஒவ்வொன்றும் 100 நானோமீட்டர் அளவில். எஃகின் குழிகளோ மைக்ரோமீட்டர் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இந்தப் பொடிக்குழிகளின் சுவர்களும் இழுபட்டுத்தான் அறுந்திருக்கின்றன. அத்தனை சிறிய இடத்துக்குள் இழுபடுவதால் செலவாகும் ஆற்றல் மிகச் சொற்பம். அதனால்தான் மொத்தத்தில் நொறுங்கல் என்கிறோம்.

சரி, எது எப்படி உடையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். பாய்சான் விகிதம் (இழுக்கும்போது பொருள் நீளும் அளவுக்கு அது பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்குகிறது என்பது) சுமார் 0.31-க்குக் கீழே போனால் பெரும்பாலும் நொறுங்கும். ஒன்று கவனியுங்கள்: தாக்குப்பிடிக்கும் சிர்கோனியம் கண்ணாடியையே, அது இளகும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் வைத்திருந்தால், அணுக்கள் இன்னும் நெருங்கி அமர்ந்துகொள்ளும். பிறகு அதுவும் எளிதில் சறுக்காது, நொறுங்கத் தொடங்கிவிடும்.