டூர் டி பிரான்ஸ் தவிர வேறு எந்த சைக்கிள் பந்தயம் பார்க்கலாம்?

மூன்று வாரம் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை, ஒரே நாளில் முடிகிற பந்தயம் வேண்டும் என்கிறீர்கள். என் ஓட்டு ஸ்ட்ராடே பியான்கேவுக்கு.

இத்தாலிய மொழியில் ‘வெள்ளைச் சாலைகள்’ என்று பொருள். மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, தஸ்கனியில் நடக்கும். 2007-இல்தான் தொடங்கியது, நூறு வயது தாண்டிய பந்தயங்கள் இருக்கிற இந்த விளையாட்டில் இது கைக்குழந்தை. 2025-இல் மொத்தத் தூரம் 213 கிலோமீட்டர், அதில் 80-க்கும் மேல் சரளை மண். காய்ந்தால் புழுதி, மழை பெய்தால் அதே மண் தோசை மாவு மாதிரி செயினிலும் பிரேக்கிலும் முகத்திலும் அப்பிக்கொள்ளும்.

யார் விழுகிறார்கள், யாருக்குப் பஞ்சர் என்று வேடிக்கை பார்க்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். விஷயம் அது இல்லை. தார் ரோட்டில் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று தெரியாது, நிறைய உழைப்பு மிச்சம். மண்ணில் அப்படி ஒட்டினால் முன்னால் இருக்கிற குழி தெரியாது. கொஞ்சம் இடைவெளி விட்டால் அது பெரிதாகிவிடும். மேட்டில் வேகம் குறைவதால் ஒட்டினாலும் பெரிய லாபமில்லை. கடைசி 50 கிலோமீட்டரில் அணி, திட்டமெல்லாம் கரைந்துபோய் ஆளுக்கு ஆள் சண்டைதான்.

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் 2018. அன்று மழை, சேறு. ஜெயித்தது டீஷ் பெனூட். நான் மறக்காதது மூன்றாவதாக வந்த வௌட் வான் ஆர்ட்டை. பந்தயம் முடிகிற, சியனா நகரத்தின் பியாட்சா டெல் காம்போ சதுக்கத்துக்கு முன்னால் சாந்தா கத்தரீனா என்றொரு சந்து, 16 சதவீதம் வரை ஏற்றம். அங்கே கால் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு அப்படியே சாய்ந்தார். எழுந்து, தள்ளிக்கொண்டே ஓடி, திரும்ப ஏறினார். சேற்றுப்படையில் கண் மட்டும்தான் தெரிந்தது. 2019-லும் மூன்றாமிடமே. கொரோனாவால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போன 2020 பந்தயத்தில், கொளுத்துகிற வெயிலில், தனியாக வந்து ஜெயித்தார்.

ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் 2024-இல் 81 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயித்ததை எல்லாரும் கொண்டாடுவார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. எனக்கு அரைமணி நேரத்தில் கொட்டாவி வந்துவிட்டது. 2025 பரவாயில்லை: வளைவில் விழுந்து, சட்டை கிழிந்து, தோல் வழண்டு, துரத்திப் பிடித்து, போட்டியாளர் பிட்காக்கை உதறிவிட்டுப் போனார்.

பெண்கள் பந்தயத்தையும் விட்டுவிடாதீர்கள், 2015 முதல் நடக்கிறது. அந்தச் சதுக்கத்தில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பெயர்பெற்ற குதிரைப் பந்தயம் உண்டு. 2023-இல் அதற்கு ஒத்திகையோ என்னவோ, எங்கோ கட்டவிழ்ந்த குதிரை ஒன்று டெமி வோலரிங் என்ற வீராங்கனைக்கு முன்னால் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. குதிரை ஒதுங்கிவிட்டது, சதுக்கத்தில் அவரோடு சக்கரத்துக்குச் சக்கரம் மோதியது அவருடைய சொந்த அணிக்காரியான லோட்டே கொபெக்கி. ஜெயித்தது வோலரிங், அதுவும் போட்டோ பார்த்துத்தான் சொன்னார்கள்.