ஃபார்முலா 1-இல் காரை ஒதுக்கிவிட்டு ஓட்டுநரை மட்டும் எடைபோட முடியுமா?

ஓரளவு முடியும். ஒரே அணியில் ஓட்டும் இருவரை ஒப்பிடுங்கள். கார் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1988-இல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அதன் இரு ஓட்டுநர்களில் சென்னாவுக்கு 8 வெற்றி, ப்ராஸ்டுக்கு 7. மொத்தப் புள்ளிகளில் ப்ராஸ்ட்தான் முன்னால், 105-க்கு 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கில் எடுக்கும் அன்றைய விதிப்படி 90-க்கு 87 என்று பட்டம் சென்னாவுக்குப் போனது. ரசிகர்கள் இன்றும் இதற்காக மல்லுக்கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, இந்த அளவுகோலும் சில நேரம் காலை வாரிவிடும். 2016-இல் மெர்சிடிஸ் அணியின் இரு ஓட்டுநர்களில் ஹாமில்டன் 10 பந்தயம் வென்றார், ராஸ்பெர்க் 9. ஆனாலும் 5 புள்ளி வித்தியாசத்தில் ராஸ்பெர்க் சாம்பியன். மலேசியாவில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஹாமில்டனின் எஞ்சின் தீப்பற்றியது. அதனால் புள்ளிப் பட்டியலைவிடத் தகுதிச்சுற்று (பந்தயத்தில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு செய்யும் சுற்று) நேரங்களையே நான் அதிகம் நம்புவேன்.