மைதான கேலரியில் எடுத்த படங்களில் பட்டை பட்டையாக இருட்டு

கேமராவில் சைலண்ட் ஷட்டரை (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) அணைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்குங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ராத்திரி கால்பந்து பார்த்தவர்களை எடுத்தபோது முகங்களின் மேல் இருட்டுப் பட்டை விழுந்தது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் விளக்குதான். கேமராவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். எலக்ட்ரானிக் ஷட்டர் காட்சியை வரிவரியாகப் படிப்பதால் அந்த மங்கல் பட்டையாகப் பதிகிறது.

ஆட்டத்துக்கு முன் காலிப் படிக்கட்டை 1/1000, 1/100 இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் பட்டை போய்விட்டால் விளக்குதான்.

ஆனால் 1/100-ல் துள்ளுகிறவர்கள் படத்தில் கலங்கலாகத் தெரிவார்கள். கோல் விழுந்த நொடியை நான் விட்டுவிடுவேன். அப்புறம் முன்பின் தெரியாதவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நிற்பார்கள் பாருங்கள், அதுதான் படம். சில எல்இடி விளக்குகளுக்கு மட்டும் இந்த 1/100 கணக்கு செல்லாது.