வளைவு, மரக்கன்று, கழிப்பறை – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் மாணவர் பேரவைச் செயலாளர். தேர்தல் எதுவும் கிடையாது. துறைத்தலைவர்கள் கூடிப் பேசி எங்களை நியமித்தார்கள். பேரவைக் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது, வளாகத்தை மேம்படுத்தச் செலவிடலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். பேரவைச் சேர்மனும் இன்னும் சிலரும் வாசலில் கல்லூரிப் பெயரோடு வளைவு வைக்கவேண்டும் என்கிறார்கள். நூறு மரக்கன்று நடலாம் என்று இன்னொரு கூட்டம். நான் பெண்கள் கழிப்பறையைச் சரிசெய்யலாம் என்றேன். பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மதியத்துக்கு மேல் தண்ணீரும் வராது. "அது மேனேஜ்மென்ட் வேலை, நம்ம காசை ஏன் போடணும்?" என்று சிரித்தார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு கேள்வி. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத எங்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

எஸ்.

(கல்லூரியின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள எஸ்.,

சிரித்தவர்கள் சொன்னது சரிதான். கழிப்பறைக்குப் பேரவைக் காசைப் போடாதீர்கள். ஆனால் இந்த வருடம் உங்கள் பேரவை எடுத்துச் செய்யவேண்டிய முதல் வேலை அந்தக் கழிப்பறைதான். காசு நிர்வாகத்தினுடையது, வேலை உங்களுடையது.

மாணவர் காசில் ஒருமுறை தாழ்ப்பாள் மாட்டினால் அது அடுத்த வருடம் உடையும்போது, "பேரவை நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் பதில் வரும். அதற்கடுத்த வருடம் குழாய், பிறகு விளக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யவேண்டியதை நன்கொடை மாதிரி நீங்களே செய்துகொண்டிருப்பீர்கள். ரொம்ப நல்ல பிள்ளைகள் என்று பாராட்டு வேறு கிடைக்கும்.

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். துறைக்கு ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டு காலையிலும் மதிய இடைவேளையிலும் மூன்று மணிக்கும் ஒவ்வொரு கழிப்பறையாகப் பாருங்கள். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, வாளி இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, நாப்கின் போடக் கூடை இருக்கிறதா என்று நோட்டில் குறியுங்கள். "கழிப்பறை மோசம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். "முதல் மாடியில் ஆறு கதவுகளில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று எழுதிக்கொடுத்தால் அப்படிப் போக முடியாது.

தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் தோண்டவேண்டும். மோட்டார் போடுவது யார், எத்தனை மணிக்குப் போடுகிறார், தொட்டி எத்தனை லிட்டர், அதை நம்பி எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஒரு பேச்சுக்கு, 2,000 லிட்டர் தொட்டியும் 800 மாணவிகளும் என்றால் ஆளுக்கு இரண்டரை லிட்டர். ஒருவர் ஒருமுறை போய்வரவே அது காணாது. பல இடங்களில் காலையில் ஒரு தடவை தொட்டியை நிறைப்பதோடு சரி, அது பதினொரு மணிக்கே காலியாவது மோட்டார் போடுபவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கல்லூரியிலும் அதுதான் காரணம் என்றால் மதியம் இன்னொரு தடவை மோட்டார் போட்டால் போதும். இதற்கு நிதியே வேண்டாம். ஆனால் கணக்கெடுக்காமல் இது யாருக்கும் தெரியவராது.

சரி, இதை யாரிடம் கொடுப்பது? முதல்வரிடம் ஒரு பிரதி கொடுங்கள், இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக அலுவலகக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு நிற்காதீர்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்குப் போகும் கல்லூரி என்றால் ஐ.க்யூ.ஏ.சி. என்ற உள்தர உறுதிக் குழு இருக்கும். அதில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்கவேண்டும் என்று நாக் வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அந்தப் பிரதிநிதி யார் என்று கேட்டுப்பாருங்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படும் யாரோ ஒருவராக இருக்கலாம். அவர் வழியாக இந்தக் கணக்கைக் கூட்டத்தில் வையுங்கள், நிகழ்ச்சிக்குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே ஏறிவிட்டால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அவர்களும் எழுதியாகவேண்டும். நாக் குழு வரும்போது ஒரு கல்லூரி எவ்வளவு சுறுசுறுப்பாகும் என்பது நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் உங்களுக்கும் உதவட்டும்.

அதே பட்டியலில் சாய்தளத்தையும் சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. ஆனால் பல கட்டிடங்களில் சாய்தளம் போட்டோ எடுக்கத்தான் இருக்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அதற்கான அளவு. இரண்டு படி சேர்ந்து ஓரடி உயரம் என்றால் சரிவு பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலடியில் முடித்துவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆளைக் கவிழ்க்கும். டேப் வைத்து அளந்துபாருங்கள்.

அதிகாரத்துக்கு வருகிறேன். மாணவர் தேர்தல் பற்றி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்தோ தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று உத்தரவிட்டது. வழக்கு நமக்கு ரொம்பத் தூரத்தில் நடந்ததல்ல. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்களின் அமைப்புக்கும் இடையிலானது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதிகளெல்லாம் அதிலிருந்து வந்தவைதான். அதிகம் பேசப்படாத ஒன்றும் அதில் உண்டு. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத இடத்தில் நியமனம் செய்துகொள்ளலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறவேண்டும். நீங்கள் இருப்பது அந்தத் தற்காலிக ஏற்பாட்டில். அது எத்தனை வருடமாகத் தற்காலிகம் என்று முதல்வரிடம் மரியாதையாகக் கேட்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொடியும் கோஷமுமாக நடப்பதைக் காட்டி, "அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் சொல்வார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் ஓட்டுக் கேட்டு வகுப்பு வகுப்பாக ஏறியிறங்கிய பெண்ணுக்கு எந்த மாடியில் தண்ணீர் வராது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. உங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சரி. கணக்கெடுப்பின் கடைசிப் பக்கத்தில் முந்நூறு மாணவிகளின் கையெழுத்து இருந்தால் உங்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று முதல்வர் அறையில் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி 40,000 ரூபாய். நிர்வாகத்தின் கடமையில் வராததும், நீங்கள் போன பிறகும் நிற்கக்கூடியதுமான ஒன்றுக்கு அது போகவேண்டும். நான் படித்த கல்லூரியில் ஒரு வருடப் பேரவை நீரூற்று கட்டியது. திறப்புவிழா பிரமாதமாக நடந்தது. மோட்டார் எரிந்தபிறகு அதில் கொசுதான் வளர்ந்தது. கட்டியவர்கள் அதற்குள் மாற்றுச்சான்றிதழ் வாங்கிப் போயிருந்தார்கள். பேரவைக்கு ஆயுள் ஒரு வருடம் என்பதால் பராமரிப்பு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மரக்கன்றுக்கு நான் ஆதரவு, நூறு கன்றுக்கு இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் ஆடிவரைக்கும் கவலையில்லை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை நனைந்துவிடும். ஆபத்து தை பிறந்தபிறகு. அதுவும் சித்திரை வைகாசியில் செமஸ்டர் முடிந்து வளாகம் காலியாகக் கிடக்கும்போது. கன்றுகள் சாவது அந்த விடுமுறையில்தான். ஜூன் மாதம் திறந்துவந்தால் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும், அடுத்த பேரவை அதே குழியில் நட்டு அடுத்த போட்டோ எடுத்துக்கொள்ளும்.

அதனால் பதினைந்து கன்று போதும். ஆளுயரம் வளர்ந்த புன்னை, நாவல், அயனி, பூவரசு மாதிரி நம்மூர் மரமாகப் பாருங்கள். ஆடு வாய்வைக்காதபடி நல்ல கூண்டு வேண்டும். மிச்சத்தை, மாசியிலிருந்து வைகாசிவரை தண்ணீர் ஊற்றும் ஆளுக்குக் கூலியாக ஒதுக்கிவையுங்கள். வாட்ச்மேன் அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ சம்மதித்தால் நல்லது, இலவசமாகக் கேட்காதீர்கள். வளாகத்தில் கூட்டிப் பெருக்கி எரிக்கிற சருகைக் கன்றுகளின் மூட்டில் போடச்சொல்லுங்கள், ஈரம் நிற்கும். எந்தக் கன்று எங்கே, கூலி எவ்வளவு, யாருக்கு என்று எழுதி அடுத்த செயலாளர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். கழிப்பறை நோட்டும் அதோடு போகட்டும்.

வளைவு விஷயத்தில் சேர்மனோடு சண்டை வேண்டாம். ஒரு காண்ட்ராக்டரிடம் விலைப்புள்ளி வாங்கிவரச் சொல்லுங்கள். 40,000 ரூபாய்க்கு இன்று கான்கிரீட் வளைவு வராது என்பது அவருக்கே தெரிந்துவிடும். மிச்சத்துக்கு மார்த்தாண்டத்தில் ஏதாவது நகைக்கடையைத்தான் பிடிக்கவேண்டும். அப்போது வளைவில் கல்லூரிப் பெயர் பெரிதாக இருக்குமா கடைப் பெயர் பெரிதாக இருக்குமா என்று அவரையே கேளுங்கள்.