வேளாங்கண்ணியில் பெண் பூசை வைப்பதில்லை, தஞ்சாவூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)க்காரர்கள் மட்டும் பெண் குருவானவரை ஏற்பது எப்படி? பைபிள் ஒன்றுதானே?

பைபிள் ஒன்றுதான்; எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. மறுப்பவர்கள் பவுலின் கடிதமான 1 தீமோத்தேயு 2:12-ஐ நீட்டுவார்கள்: பெண் உபதேசிக்கக் கூடாது. அதே பவுல் 1 கொரிந்தியர் 11:5-இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் தடுக்கவில்லை. தலையை மூடச் சொல்கிறார், அவ்வளவே. (இது ஏனோ பிரசங்கத்தில் அதிகம் வருவதில்லை.)

கத்தோலிக்கர் வாதம் வேறு. இயேசு தேர்ந்த பன்னிருவரும் ஆண்கள். அதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரமில்லை என்று 1994-இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிவிட்டார். பங்குச்சாமியார் விரும்பினாலும் நடக்காது. சி.எஸ்.ஐ.யில் சினாடு, அதாவது சபையின் உயர் மன்றம், முடிவெடுத்தால் போதும். 2013-இல் புஷ்பா லலிதா நந்தியாலுக்குப் பேராயரே ஆனார்.

குருப்பட்டமில்லாமலே சபையைக் கூட்டிய பெண்ணும் நம் பக்கத்தவர்தான்: தஞ்சாவூரிலிருந்து போன விதவை கிளாரிந்தா பாளையங்கோட்டையில் கட்டிய கோயில் 1785-இல் பிரதிஷ்டை ஆனது.