லூப் ஆன்டெனா பார்சலில் வந்தால் எங்கே பார்க்க வேண்டும்?

ஹாம் வானொலி (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) நண்பர்கள் லூப் ஆன்டெனாவின், அதாவது வளையமாக வளைத்த குழாயும் அதை ட்யூன் செய்யும் மின்தேக்கியும் சேர்ந்த ஆன்டெனாவின், தரம் பற்றியும், வழியில் ஏற்படும் சேதம் பற்றியும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஒரு மீட்டர் விட்டமுள்ள செப்புக் குழாய் லூப் வாங்கினேன். குழாயில் ஒரு நசுங்கலும் நிறையக் கீறல்களும் இருக்கின்றன. திருப்பி அனுப்பிவிடலாமா ஐயா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் சுமார் 0.025 மி.மீ. ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. சிறு நசுங்கலின் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கி அது போய்விடும்.

இணைப்புகளைப் பாருங்கள். இந்த அளவு லூப்பின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது ஆற்றலை வானுக்கு அனுப்பும் பங்கு, 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 மில்லிஓம் மட்டுமே. 22 மி.மீ. குழாயாக இருந்தால் ஆற்றலை வெப்பமாக வீணாக்கும் அதன் இழப்பு மின்தடை சுமார் 30 மில்லிஓம். பயணத்தில் ஆடித் தளர்ந்த ஓர் இணைப்பு வெறும் 10 மில்லிஓம் சேர்த்தாலே, வானுக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு பறிபோகும். குழாயும் மின்தேக்கியும் சேரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாலிடரில் முடி போன்ற விரிசல் தெரிந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: மின்தேக்கிப் பெட்டியைக் குலுக்கினால் சத்தம் கேட்கிறது. ஆனால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 தான் சிறந்தது) 1.3 காட்டுகிறது. 100 வாட் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நீங்கள் அளந்தது மிகச் சிறிய ஆற்றலில். 100 வாட்டில் மின்தேக்கியின் தகடுகளுக்கிடையே 5,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எனக்கு வந்த ஒரு லூப்பில் வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியைக் கழற்றியபோது ஒரு பித்தளைத் திருகு உருண்டு வந்து கையில் விழுந்தது. சுழலும் தகடுகளில் இரண்டு ஒருபக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் அஞ்சலட்டை நுழையாத அளவுக்கு நெருங்கியிருந்தன. தகடுகளின் சரியான இடைவெளிக்கு ஏற்ற தடிமனில் அட்டையை மடித்து, ஒவ்வொரு இடுக்கிலும் செலுத்திப் பொறுமையாக நிமிர்த்தினேன். ஒரு மாலை முழுவதும் ஆனது.

நிமிர்த்திய பிறகும் 5 வாட்டில் தொடங்கி, இருட்டில் தீப்பொறி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். சில மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஒலிபரப்பும்போது லூப்பைத் தொடவே கூடாது.

கேள்வி: மல்டிமீட்டரில் எல்லா இணைப்பும் சுழி ஓம்தான் காட்டுகிறது. போதாதா?

பதில்: போதாது. சாதாரண மல்டிமீட்டருக்கு மில்லிஓம் கணக்கு எட்டாது. நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா அளக்கும் சிறு கருவியை வைத்து அலைவரிசை அகலத்தை, அதாவது மீண்டும் ட்யூன் செய்யாமல் லூப் வேலை செய்யும் அதிர்வெண் பரப்பை, அளவிடுங்கள். இழப்பு குறைந்த லூப் 7 மெகாஹெர்ட்ஸில் சில கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் தரும். அது விரிந்துகொண்டே போனால் எங்கோ மின்தடை புகுந்திருக்கிறது. "எங்கள் லூப்பில் அகலம் அதிகம், அடிக்கடி ட்யூன் செய்ய வேண்டாம்" என்று யாராவது பெருமை பேசினால், அதை இழப்பின் ஒப்புதலாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: அலுமினியக் குழாய், போல்ட் இணைப்பு, பளபளப்பான பூச்சு. நல்ல கட்டுமானம்தானே அண்ணா?

பதில்: பூச்சுக்குப் பணம் தராதீர்கள். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியம் செப்போடு நேரடியாகத் தொட்டு மழையில் நனைந்தால் சீக்கிரம் அரிக்கும். வெல்டிங் செய்த இணைப்பும், மின்னோட்டம் உராயும் தொடுப்பு வழியாகப் போகாத பட்டர்ஃபிளை மின்தேக்கியும் உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: என் லூப்பை வேறொருவருக்கு அனுப்புகிறேன். எப்படிக் கட்டுவது?

பதில்: மின்தேக்கியைக் கழற்ற முடிந்தால் தனியாகக் கட்டுங்கள். தகடுகளை முழுவதும் உள்ளே மூடிய நிலையில் வைத்து, தண்டு சுழலாதபடி கட்டிவிடுங்கள். விரிந்த தகடுதான் முதலில் வளையும். கண்ணாடி வெற்றிட மின்தேக்கியாக இருந்தால் பஞ்சு சூழ்ந்த தனிப்பெட்டி கட்டாயம். அனுப்பும் முன் அளந்த அலைவரிசை அகலத்தை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பெற்றவர் அளந்து பார்த்து, வழியில் என்ன நடந்தது என்று அறிந்துகொள்வார்.